எதிரியிடம் இரவல்

6 மே 1945
சரணடைந்தாயிற்று. எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் போரில் தோற்ற 1918-இல் அழுதேன், இன்று காலுறைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். எங்கள் ஜெர்மன் கடற்படைக் கப்பல்கள் ஷ்லை முகத்துவாரத்தில் சும்மா கிடக்கின்றன. துப்பாக்கிகளை ஆங்கிலேயர் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஆட்களைக் கட்டி மேய்ப்பது மட்டும் இன்னும் எங்கள் வேலையாம்.

8 மே
கொதிகலன் அறையில் வேலை செய்யும் ஹின்ரிக் பாய்சன் காவலை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டான். எங்கள் ரோந்துக்காரர்கள் அவனை மாட்டுத் தொழுவத்தில் பிடித்தார்கள்.
"சண்டைதான் முடிஞ்சிருச்சே கேப்டன். மாடு கன்னு போடுற நேரம், என் பொண்டாட்டி கேசா தனியா என்ன பண்ணுவா?"

10 மே
பாய்சனுக்கு மரண தண்டனை. ஒரு சுருட்டு தீர்வதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. நான் கையெழுத்திட்டால் சுட்டுவிடுவார்கள்.
"பதினெட்டுல விட்டுக் கொடுத்தோம், என்ன ஆச்சு? உங்களுக்குத் தெரியாததா?" என்கிறார் கடற்படை நீதிபதி வெஸ்லிங்.
தெரியும். அந்த 1918 நவம்பரில் கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்தபோது என் தோள்பட்டைச் சின்னங்களைப் பிய்த்து எறிந்தவனும் ஒரு கொதிகலன் ஆள்தான். அந்த எரிச்சலோடுதான் இருபது வருஷம் ஊர் ஊராகச் சோப்பு விற்றேன். 1939-இல் போர் வந்து மறுபடி கூப்பிட்டபோது ஓடி வந்து சீருடை மாட்டினேன். இனி ஒரு தடவை அப்படி நடக்க விடமாட்டேன் என்று சபதம் வேறு. பிறகு ஏன் கை வரவில்லை? இரக்கமா, வெறும் களைப்பா?

11 மே
வெஸ்லிங் மறுபடி வந்தார். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

12 மே
கையெழுத்திட்டுத் தொலைக்கலாம் என்று உட்கார்ந்தால், சுடுவதற்கு எங்களிடம் துப்பாக்கி இல்லை! இரவல் கேட்க நானே ஆங்கிலேயரிடம் போனேன். அந்த லெப்டினன்ட் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே கேட்டான்: "எத்தனை வேணும்? சாயங்காலம் திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?"
மண்வெட்டி கேட்கப் போனவனிடம் பேசுவது மாதிரி. இரண்டு போரிலும் சண்டை போட்ட எதிரியிடம் துப்பாக்கி வாங்கி, என் ஆளை நானே சுடுவதா? என்ன மானங்கெட்ட பிழைப்பு இது!
"ஒண்ணும் வேணாம்" என்றேன்.
திரும்பி வந்து, தண்டனையை ஏற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். பாய்சனை விடச் சொன்னேன்.
"நீங்களும் அந்தக் கலகக்காரனுங்களோட சேர்ந்துட்டீங்க" என்றார் வெஸ்லிங்.

20 மே
நான் போய் உட்கார்ந்தால் மற்ற அதிகாரிகள் தட்டோடு எழுந்து போகிறார்கள்.

29 ஜூலை
ஆங்கிலேயர் என்னை வயல் வேலைக்கென்று விடுதலை செய்தார்கள். கீலில் என் வீடு குண்டில் போய்விட்டது. பழைய சகாக்கள் கதவைத் திறக்கவில்லை. பாய்சன்தான் வேலை கொடுத்தான். புல் வாரி வாரி இடுப்பு விட்டுப்போயிற்று.
"கேப்டன், புல்லு வாருற கட்டையைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க!" என்று சிரிக்கிறான்.
மத்தியானம் கேசா உருளைக்கிழங்கு சூப் ஊற்றினாள். "எனக்காகக் கேப்டன் தூக்கமில்லாம யோசிச்சாராம்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னான் பாய்சன். நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். அவள் நன்றி சொல்வாள், "அதெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.
கேசா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள்.
"இதுல யோசிக்க என்ன இருந்துச்சு?"
நான் கிண்ணத்தை நீட்டினேன். இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.