பீலி லைட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஹட்டனில் வாங்க வேண்டியவை: பெல்ட் இரண்டு, பிரேக்கர் ஒன்று, ஷேவிங் பிளேடு. பிளேடு மறந்து போனது. காரணம் சலூன்.

அங்கே நான்கு பேர், ஒரே கதை. செல்வராணி வழக்கு. நாளை நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் மறுபடி விசாரணை. நான் அதே தோட்டத்து பெக்டரி எலக்ட்ரீஷியன் என்று தெரிந்ததும் துணியைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டே கேள்வி.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று வருடம் ஆகப்போகிறது. ஞாயிறு மாலை ஆறே முக்கால். செல்வராணி ஊற்று நீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். கொழுந்து லொறி டிரைவர் ஜெகனைக் கத்தியால் வெட்டினாள். ஒரே வெட்டு, கழுத்தில். ஆஸ்பத்திரி போகும் வழியில் செத்தான். இருட்டில் பின்னாலிருந்து யாரோ வாயைப் பொத்தினார்கள், உயிருக்குப் பயந்து வீசினேன் என்கிறாள். அரச தரப்பு கொலை என்கிறது.

"தண்ணி பிடிக்கப் போறவளுக்குக் கத்தி எதுக்குங்க?" சலூன்காரர்.

"ஞாயித்துக்கெழம மிலாறு வெட்டிட்டு வந்திருப்பா. வெறகில்லாம அடுப்பு எரியுமா?" ஒரு த்ரீவீல்காரர்.

"சரி, கையில வெட்டியிருக்கலாம்ல? கால்ல வெட்டியிருக்கலாம்ல?"

"ஆமாங்க, அளவு நாடா வச்சி வெட்டியிருக்கணும்."

சிரிப்பு. பிறகு அவள் நடத்தை, புருஷன் கொழும்பில், இத்யாதி. பொறுக்கவில்லை. "தூரம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, வெட்டு எந்தப் பக்கம், அதச் சொல்லுங்க. மத்ததெல்லாம் வாய்" என்றேன்.

"தம்பி பெரிய எஞ்சினியர் போல" என்றார் சலூன்காரர். இடது கிருதா வலதைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை. வீட்டில் வந்து அளந்தேன்.

ஜூலை 14, திங்கள்

மழை. 2ம் ரோலர் சத்தம், பெயரிங் போகப்போகிறது. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சொல்லியாயிற்று.

சதீஸ் வழக்குக்குப் போய் மாலை பஸ்ஸில் வந்தான். ரோலர் வேலை அவனுக்கு. ஒரே வகுப்பில் படித்தோம். ஜெகனின் தம்பி. பணிசும் டீயும் வாங்கி வைத்துக்கொண்டு பெக்டரி வாசலில் எனக்காக நின்றான். இவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து நாளாயிற்று.

"முடிஞ்சிருச்சு மச்சான். லைட்டு எரிஞ்சிருக்கு."

"எந்த லைட்டு?"

"பீலி லைட்டுடா. இருட்டு இருட்டுன்னாளே. தோட்டத்து ரிப்பேர் புத்தகத்தக் கொண்டாந்து காட்டிட்டாங்க. மூணு நாளைக்கு முந்தியே செஞ்சிருக்கு. மறுநா பொலிஸ் வந்தப்பவும் எரிஞ்சிருக்கு. மூஞ்சியப் பாத்துத்தான் வெட்டியிருக்கா."

பிறகு தோளில் தட்டினான். "ஒன் கையெழுத்துத்தான். கோர்ட்டுல பெருசாக் காட்டுனாங்க. என்னா அழகாப் போட்டிருக்க!"

பணிசைத் தின்று முடித்தேன்.

எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிப் பேசாமல் இருக்க:

சம்பவத்துக்கு மூன்று நாள் முந்தி, வியாழன் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அந்தப் புத்தகம் வந்தது. அன்றைக்கு ஐந்து வேலை. பெரட்டு முடிந்ததும் புத்தகம் ஆபீசுக்குப் போய்விடும், மாலையில் யாரும் மழையில் ஏறிப் போய்க் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் காலையிலேயே 'முடிந்தது' பக்கத்தில் ஐந்துக்கும் ஒரே மூச்சில் போட்டுவிடுவோம். நான் வருமுன்பே அப்படித்தான்.

நான்கு வேலை செய்தேன். பீலி லைட்டுக்கு ஹோல்டர் துருப்பிடித்துவிட்டது, ஸ்டோரில் வேறு இல்லை. வெள்ளி, சனி: கொழுந்து வாட்டும் காற்றாடி மோட்டார் எரிந்து அதோடு மல்லுக்கட்டு. ஞாயிறு லீவு. ஞாயிறு மாலை ஜெகன்.

திங்கள் பொலிஸ் வந்தது. மாலையில் திரும்பி வந்து அளப்போம், வெளிச்சம் வேண்டும் என்றார்கள். அன்று பகல்தான் மாட்டினேன். ஹோல்டரை ஆபீஸ் பாத்ரூமிலிருந்து கழற்றி வந்தேன்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. உண்மை. ஆனால் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று எங்கே படித்தேன்?

ஜூலை 15, செவ்வாய்

பனிமூட்டம், பத்து மணி வரை லொறி வரவில்லை. டீமேக்கர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினார்.

"கோர்ட்டுல ஒன்னையக் கூப்பிட்டாங்களா?"

"இல்லைங்கய்யா."

"அப்பறம் எதுக்குத் தம்பி நீயாப் போயி குழியில எறங்குற? பொய்யா எழுதினேன்னு சொன்னா வேல போகும். ஒனக்கு மட்டுமா? எல்லாப் பயலும் அப்பிடித்தான் போடுறான். அதுக்குக் கீழ 'பார்த்தேன்'னு போட்டிருக்கிறது யாரு? நானு."

கெட்ட மனிதர் இல்லை. டீ ஊற்றித் தந்தார். சீனியும் அவரே போட்டார்.

பேஸ்புக்கில் இன்று: 'தற்காப்புன்னு சொல்லி யாரையும் வெட்டலாமா?' / 'ஒங்க வீட்டுப் பொண்ணுன்னா?' / 'லைட் எரிஞ்சது, கதை முடிஞ்சது' (இதற்குத்தான் அதிக லைக்) / 'பிள்ளையின் படிப்பு போச்சு, பாவம்.' எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பிள்ளை இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு கட்டம் உண்டு. 'சொன்னவர்.' அதில் இருந்த பெயர் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. செல்வராணி, மேல் லயம். லைட் இல்லை என்று வந்து சொன்னவளே அவள்தான்.

ஜூலை 16, புதன்

அக்காவிடம் சொன்னேன். அவள் செல்வராணியோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள், ஆனால் செல்வராணிக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஜெகன் அவ பின்னாடி ஒரு வருஷம் சுத்துனான். லொறிய மலையோரமா நிப்பாட்டிட்டு ஹோர்ன் அடிப்பான். நாங்க என்னா செஞ்சோம்? 'ஒன் மாப்புள வந்துட்டான்'னு சிரிச்சோம்." கூடைக் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள். "கண்டாக்கையாகிட்ட சொன்னா. சங்கத் தலைவர்கிட்ட சொன்னா. 'பேசி முடிச்சிக்கலாம்'னாங்க. கடைசியா லைட்டாவது போடுங்கன்னு ஒங்கிட்ட வந்திருக்கா."

செல்வராணியின் வக்கீல் நம்பரை அக்காதான் வாங்கித் தந்தாள். பேசினேன். வெள்ளி மறுபடி தவணை, சாட்சி சொல்ல வரச் சொன்னார்.

சதீஸிடம் நானே சொல்ல வேண்டும். வேறு வாயில் கேட்கக் கூடாது. ரோலரை நிறுத்திய பிறகு சொன்னேன். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என் அண்ணன் நல்லவன்னு நான் சொன்னேனா? கெட்டவன்னே வச்சிக்க. அதுக்காக சாகணுமா?"

"சாகணும்னு நான் சொல்லலடா. லைட்டு எரியலன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அவன் அம்மா கையில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவரிடம் போய் இதை விளக்க முடியுமா? முடியாது.

ஜூலை 17, வியாழன்

சட்டை தேய்த்தேன். சப்பாத்து ஈரம். லீவுக் கடிதத்தில் காரணம்: 'சொந்த வேலை'. கிழித்துவிட்டு 'சாட்சி சொல்ல' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஐந்து மணி பஸ். நுவரெலியாவில் குளிர், பல் தந்தியடித்தது.

வெளியே பெஞ்சில் செல்வராணி அக்கா. பிணையில் வந்து டிக்கோயாப் பக்கம் தங்கை வீட்டில் இருக்கிறாராம். பாதியாக இளைத்துவிட்டார். அவரே பேசினார்.

"நீங்க அந்த லைட்டு தம்பிதானே?"

"ஆமாங்கக்கா."

"மூணு தடவ பெரட்டுல வந்து சொன்னேன்."

"ஆமா."

"மூணாவது தடவ, 'ஒரே நச்சு'ன்னீங்க." கோபம் இல்லை, சும்மா ஒரு தகவல் போல. அதுதான் தாங்கவில்லை. ஆமாம், சொன்னேன். எனக்கு அன்றைக்கு அவசரம்.

கூண்டில் நாற்பது நிமிடம். அரச தரப்பு சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டார். எனக்கு விளங்கியது, ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை நிற்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் இரண்டு முறை அடித்தது.

"புத்தகத்தில் நீர் எழுதியது பொய்யா?"

"ஆமாங்க."

"மற்ற நாட்களிலும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"பொய் எழுதிப் பழகியவர் இன்று மட்டும் உண்மை சொல்கிறார் என்று இந்த மன்றம் எதற்காக நம்ப வேண்டும்?"

சலூனில் அளவு கேட்டவன் நான். தூரம், வெளிச்சம், எல்லாம். இதற்கு என்னிடம் அளவு இல்லை.

"நம்பாம இருக்கலாம்ங்க. ஆனா லைட்டு எரியல."

நீதிபதி எதையோ எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். அடுத்த மாதத்துக்குத் தவணை. அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் தலவாக்கலையில் ஏறிய இரண்டு பேர், என் முன்சீட்டில்:

"எவனோ ஒரு பய வந்து லைட்டு எரியலன்னுட்டானாம்."

"அவளுக்கும் அவனுக்கும் என்னவோ இருக்கும்டி. இல்லாட்டி எதுக்கு?"

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை.

ஜூலை 21, திங்கள்

காற்று பலம், மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பெரட்டில் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. தோட்டத்து ஆபீசிலிருந்து விசாரணைக் கடிதம் வருமாம், அதுவரை வேலை செய்யலாமாம். சதீஸ் நின்றான், என்னைப் பார்க்கவில்லை.

புத்தகம் வந்தது. மூன்று வேலை. மூன்றாவது: பீலி லைட், காற்றில் போய்விட்டது. 'சொன்னவர்' கட்டத்தில் சதீஸின் அம்மா பெயர்.

"போட்டுட்டுப் போ தம்பி, புத்தகம் ஆபீசுக்குப் போகணும்." பெரட்டு எடுக்கும் கண்டாக்கையா.

"செஞ்சிட்டு வந்து போடுறேங்க."

"மழையில மறுபடி ஏறி வருவியா?"

"வருவேங்க."

யாரோ சிரித்தார்கள். ஏணி பிடிக்க ஆள் கேட்டேன், யாரும் வரவில்லை. ஏணியைக் கம்பத்தோடு கயிற்றால் கட்டிக்கொண்டு ஏறினேன். இருட்டும்வரை கீழே நின்றேன். சதீஸின் அம்மா கேனோடு வந்தார். என்னைத் தாண்டிப் போய் நிரப்பினார். திரும்பும்போது மேலே ஒரு தடவை பார்த்தார், லைட்டை.

ஆபீஸ் ஏறிப் போய்க் கையெழுத்து. நேரமும் எழுதினேன்: மாலை 6.50. சப்பாத்து முழுக்கத் தண்ணீர்.