அதே ஊசி

சனிக்கிழமை, இரவு

என் வீட்டுக்காரர் இவருக்குச் சுகர் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். கல்லீரலில் ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் பல வருஷமாக இருக்கிறதாம். அது ரத்தம் வழியாக அடுத்தவருக்கும் பரவும் என்ற டாக்டர், "சுகர் பாக்குற ஊசிய வீட்ல வேற யாருக்கும் குத்தலைதானே?" என்று கேட்டார்.

என் அண்ணனுக்கும் சுகர். ஞாயிறுதோறும் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிச் சாப்பிட வருவார். சோறு போடுமுன் இவருக்குக் குத்திய கையோடு, அதே ஊசியால் அவருக்கும் குத்துவேன். பெட்டி நிறையப் புது ஊசி இருந்தது. மாற்றச் சோம்பல். ஒரே குடும்பம்தானே என்ற நினைப்பு வேறு. என்ன புத்தியோ!

சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அண்ணனே மெசேஜ் அனுப்பியிருக்கிறார்: "கிளினிக்ல குத்தினா வலிக்குதுலா. நாளைக்கு நீயே பாரு, தங்கச்சி."