வாராத உப்பு

மாமா,

இன்று காலை உங்கள் பேரன் எனக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கி வந்தான். "இனிமே நீங்க எழுந்திரிக்கவே வேணாம்மா" என்று அன்போடுதான் சொன்னான். புது ரெக்சின் வாசனையில் உங்கள் கயிற்றுக் கட்டில் என் கண்முன் வந்து நின்றது.

1970களின் நடுவில் அத்தை இறந்தார்கள். அதன்பின் உங்களை உப்பளத்துக்கு அனுப்பக்கூடாது என்று உங்கள் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். மருமகள் டீச்சராக இருக்க, மாமனார் உப்பு வாரினால் மரக்காணத்தில் நாலுபேர் என்ன பேசுவார்கள்? கட்டிலுக்கே கஞ்சி வந்தது. உப்புக்கூடையோடு வரப்பில் ஓடிய கால்கள், கொல்லைப்பக்கம் போகவே என் தோளைத் தேடின. "டீச்சரம்மா, பொம்பளப் புள்ள தோளப் புடிச்சிக்கினு போறேன் பாரு" என்று தலைகுனிந்தீர்கள். தள்ளாமையைவிட அந்த வெட்கம்தான் உங்களைத் தின்றது.

நடக்கச் சொன்னேன், தலை சுற்றியது. மீனும் முட்டையும் வைத்தேன், தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் ஒதுக்கினீர்கள். அடுப்புக்கல் மூன்றில் ஒன்றை எடுத்தால் பானை நிற்காது என்று வகுப்பில் சொல்வேன். நடை, சாப்பாடு, பேச்சுத்துணை மூன்றும் உங்களுக்கு உப்பளத்தில்தான் சேர்ந்து இருந்தன.

பள்ளிக்குப் போகிற வழியில், குழம்புத் தூக்கும் கையுமாக உங்களை உப்பளக் கொட்டகையில் விடத் தொடங்கினேன். முதல்நாள் உங்கள் கூட்டாளி கேட்டார்: "ஏம்பா, மருமவ உன்ன ஸ்கூல்ல சேக்கப் போவுதா?" கொட்டகையே சிரித்தது. அத்தை போனபின் முதல்முறையாக நீங்களும் சிரித்தீர்கள். அன்று அவரோடு உட்கார்ந்து தூக்கைக் காலி செய்தீர்கள்.

மெல்ல மெல்ல என் தோளை விட்டீர்கள். ஆடியில் ஒருநாள், உப்பு வாரும் பலகையைப் பிடித்து ஒரு பாத்தி உப்பை நீங்களே வாரிக் குவித்தீர்கள். கோபித்துக்கொண்ட மகனிடம் சொன்னீர்கள்: "வாராத உப்பு பாத்தியிலயே கல்லாப் பூடும்டா."

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் மூழ்கின, கொட்டகை காலியானது. கூட்டாளியும் அனுமந்தையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தெருமுனை வரையாவது வாங்க என்று நான் எழுப்பும்போதெல்லாம், "மழ வுடட்டும்மா, போலாம்" என்றீர்கள். தட்டில் மீன் மறுபடி மீந்தது.

மழை விட்டது. தையில் புது உப்புக்காகப் பாத்தியை மிதித்துச் சீர்செய்ய ஆட்கள் இறங்கியபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை. மாசியில் போய்விட்டீர்கள். அந்த ஆண்டின் முதல் உப்பில் ஒரு பிடியை உங்கள் கூட்டாளி கொண்டுவந்தார். வெறும் கட்டில்மேல் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

நாற்காலியில் உங்கள் பேரனையே உட்காரச் சொல்லிவிட்டேன். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் என் பழைய சக ஆசிரியையோடுதான் தினமும் மதியச் சாப்பாடு. மீன் வறுத்து எடுத்துக்கொண்டேன். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருக்கிறது, குடை கையில் இருக்கிறது.

மழை விடட்டும் என்று மட்டும் நான் சொல்வதில்லை, மாமா.