இரண்டு கார்டும் ஒரே கையில்

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறுவதற்குள் சட்டை நனைந்தது. குடை வழக்கம்போல வீட்டில்.

ஆபீஸில் தலையில் இடி. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், டிரிப்ஸ் ஏற்றும் எங்கள் கம்பெனி மெஷின் மருந்தைக் கண்டபடி ஏற்றிவிட்டது. வயதான ஒரு பெரியம்மா ஐ.சி.யூ.வில். போன மாதம் நாங்கள் அனுப்பிய சாப்ட்வேர் அப்டேட்தான் காரணமாம். அப்டேட் வெளியே போக இரண்டு பேர் கார்டு தேய்க்க வேண்டும். ஒருவர் சோதிக்க, இன்னொருவர் மறுபடி சோதிக்க. பதிவில் முதல் பெயர் டேவிட். அடுத்தது நான்.

அப்டேட் போன அன்றைக்கு நான் பேத்தமங்களாவில், மச்சினி கல்யாணத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, புதன்

தூக்கமில்லை. டேவிட் எதிர் வரிசை லைன் வீடு. ஒன்றாம் வகுப்புக் கூட்டாளி. ரயில் தவறினால் என் கார்டை அவன் தேய்ப்பான், அவனுடையதை நான். லீவு போடாமல் கல்யாணத்துக்குப் போகும்போது நானேதான் கொடுத்தேன், ரகசிய நம்பரோடு. வெளி ஆள் என்றால் கொடுப்பேனா?

ஸ்டேஷனில் கேட்டேன். "நீயாவது சோதிச்சியாடா?"

"இல்ல மச்சான். எப்டியும் நீ வந்து பாப்பேன்னு ரெண்டையும் தேச்சிட்டேன்."

நான் வந்து பார்க்கவில்லை. டேவிட் பார்த்திருப்பான் என்று இருந்துவிட்டேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில்தான் பால் பொங்கி வழியும். பெயர் இரண்டு, பார்த்த கண் ஒன்றுகூட இல்லை.

நவம்பர் 6, வியாழன்

காஸ் புக் செய்ய வேண்டும். மறந்தேன்.

நாளை விசாரணை, தனித்தனியாக. ரயிலில் டேவிட் காதோரம்: "பாத்தேன்னு சொல்லுடா. ரெண்டு பேரு பாத்தும் தப்புன்னா, சோதனை முறை தப்பு. யாரும் பாக்கலன்னா நம்ம தப்பு. வேல பூடும்."

கணக்கு சரிதான்.

சுமதி: "இன்னாங்க, போட்ட சோறு அப்டியே கீது?" பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெரியம்மா பெயர் என்ன? கேட்கவும் பயம்.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல வெயில். பெரியம்மா உயிர் காலையில் போய்விட்டது.

உண்மையைச் சொல்லிவிட்டேன். கார்டைக் கொடுத்தது, ஊரில் இல்லாதது, யாருமே பார்க்காதது. விசாரணை அதிகாரி பதிவைத் திருப்பிக் காட்டினார். "உங்க கார்டு, உங்க நம்பர். நீங்க சோதிச்சதா டேவிட்டும் எழுதிக் குடுத்திருக்கார்." கல்யாண போட்டோவை நீட்டினேன். "போட்டோல தேதியெல்லாம் மாத்தலாம் சார்." ஆளை நம்பாதே, கார்டை நம்பு என்று, கார்டு முறை வந்தபோது இவர்களுக்குப் பாடம் எடுத்ததே நானும் டேவிட்டும்தான்.

திரும்பும் ரயிலில் டேவிட் எனக்குக் கர்சீப் போட்டு இடம் பிடித்திருந்தான்.

"இன்னாடா சொன்ன?"

"நடந்தத சொல்லிட்டேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நம்பிட்டாங்களா?"

"இல்ல."

அப்பாடா என்று மூச்சு விட்டான், பாவி. கர்சீப்பை எடுத்தான். பெட்டி முழுக்க நெரிசல், வேறு இடமில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.