திருநீறு போட்டுத் தேய்த்த கை

வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுத்துவிட்டதென்று இன்று காலை என் மருமகள் திருநீறு போட்டுத் தேய்த்தாள். "அத்தே, பாருங்க, எப்படிப் பளபளன்னு வந்திருச்சு!" என்றாள். பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பாவம், முழித்தாள். கோபம் உன்மேல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஹெப்பாள் கம்பெனி கேன்டீனில் நாம் ஒன்றாகச் சமைத்த காலத்தில், பவுடர் பூசாமல் நீ அடுப்பண்டை வரமாட்டாய். "மகாராணி வர்றாங்க, சாம்பாரு, எந்திரிச்சு நில்லு!" என்று கத்துவேன். அண்டாவின் காது ஆடுகிறதென்று காண்ட்ராக்டரிடம் எத்தனை தடவை சொன்னோம்! ஒருநாள் அது கழன்று, கொதிக்கிற சாம்பார் உன் வலது கையிலும் இடுப்பிலும் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் முதலில் வெள்ளைக் களிம்பு தடவினார்கள். தினமும் பழையதைச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் புதிது. நீ போட்ட கூச்சலில் வராந்தாவே அதிரும். அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்ததும், டாக்டர் வெள்ளி கரைத்த தண்ணீருக்கு மாற்றினார். சுரண்டல் இல்லை. கட்டு காயாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். "ரெண்டுலயும் வெள்ளிதானாம் புள்ள. அது மாமியா வெள்ளி, இது அம்மா வெள்ளி" என்றாய்.

அம்மா வெள்ளிக்கு ஒரே குறை, பட்ட இடமெல்லாம் கறுத்தது. உன் கை, போர்வை, ஊற்றிய என் விரல்கள். "மகாராணியோட சேந்து நானும் கரிச்சட்டி ஆயிட்டேன்" என்றேன். நீ சிரிக்கவில்லை. சிஸ்டர் பாதி கன்னடத்தில் சொன்னார்: "அது தானாகே ஹோகும்மா. தோல் உரிஞ்சாப் போயிடும். தேய்க்க பேடா, தேய்க்கவே கூடாது." கட்டுக்கடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்திருந்ததையும் காட்டினார். கேட்டாயா?

உன் மகளுக்கு உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய, குண்டலுபேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள். கௌதள்ளியிலிருந்து வந்த உன் நாத்தனார் கட்டிலருகே நின்று, "இந்தக் கரிக்கையிலதான் தட்டு வாங்குவியாக்கும்? சம்பந்திக என்ன நெனப்பாங்க?" என்றாள்.

"சாம்பார்ல குளிச்ச கையின்னு நெனப்பாங்க. வேணும்னா நான் வாங்கறேன் விடுங்க" என்றேன். இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

மறுநாள் கட்டில் காலி. டாக்டர் சொல்லியும் கேட்காமல் கிளம்பிவிட்டாயாம். உன் வீட்டுக்கு ஓடினேன். குழாயடியில் உன் கையை மடியில் வைத்து, நாத்தனார் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளி கறுத்தா இதுக்குத்தான் போகும்" என்றாள். புதுத்தோல் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

"கைய விடுங்க! அது குத்துவிளக்கா?" என்று அவளைப் பிடித்து இழுத்தேன்.

நீதான் என்னைத் தடுத்தாய். "சும்மா இரு புள்ள. என்ற மகளுக்காவ ஒருநாள் பொறுத்துக்கறேன்."

களிம்புக்கு வராந்தா அதிரக் கத்தினவள், அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லையே! எங்கே போயிற்று அந்தக் கூச்சல்? நிச்சயத்துக்கு வந்த சம்பந்திகள் உன் கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. பாயசத்தில் முந்திரி போதாது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் சீழ், காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை களிம்பும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை.

உன்னைக் கொண்டுபோன ஆட்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் உன் நாத்தனாரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவள் விளக்குத் தேய்க்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். சிஸ்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நீ. உன்னைத் திட்டலாமென்றால் நீ இல்லாமல் போய்விட்டாய். அதனால் சிமிழைத் திட்டுகிறேன், மருமகளைத் திட்டுகிறேன். எங்கள் வீட்டு வெள்ளி கறுத்தே கிடக்கட்டும்.

அந்த வருஷமே உன் மகள் கல்யாணம். உனக்குப் பதில் தட்டை நான்தான் வாங்கினேன். அப்போதுதான் விரல்களைக் கவனித்தேன். உன் கட்டுக்கு ஊற்றி ஊற்றிக் கறுத்த விரல்கள். நான் தேய்க்கவே இல்லை. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லையடி, மகாராணி. தானாகவே போயிருந்தது.