கதவோரம் நின்று சொன்ன பெயர்

மடுல்சீமையில் இருக்கும் அம்மாவுக்கு, கொழும்பிலிருந்து சுலோஜினி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? எனக்குச் சுகம்தான்.

அப்பாவின் திவசத்துக்கு வர முடியவில்லை. அன்றைக்கே நான் வேலை செய்யும் இந்த வீட்டு எசமானி, நோனா, இறந்த தன் கணவருக்காகப் பிக்குகளுக்குத் தானம் கொடுத்தார். லீவு கேட்டேன். "பொறுமையும் புண்ணியம்தான் புள்ள, அடுத்த போயாவுக்குப் போ" என்றார். மூன்று பௌர்ணமிப் போயாவாக இதே பேச்சுதான்.

பதினோரு கறி சமைத்தேன். அப்பாவுக்குப் பிடித்த பலாக்கொட்டைக் கறியும் வைத்தேன். பிக்குகள் ஓத, புண்ணியம் இறந்தவருக்குச் சேரவென்று வீட்டார் கிண்ணம் வழிய வழியத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் கதவோரம் நின்று அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டேன். சேர்ந்திருக்காது.

அங்கே வீட்டுப் பெட்டியில் உள்ள என் சட்டைகளைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுங்கள், அந்த நீலச் சேலையையும்தான். நோனா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். அடுத்த போயாவுக்கும் விடமாட்டார்; எனக்கென்று எதையும் எடுத்துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்
சுலோஜினி