பத்து ஊசி பாக்கி

அடியே,

இன்று காலை பூந்தமல்லியில் நாய் டாக்டரிடம் என் பேத்தியின் பக் நாயைத் தூக்கிக்கொண்டு போனேன். கீழே விட்டதும் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. உன் ஜிம்மியும் அப்படித்தானே சுற்றியது!

"மூளையில அழற்சி மாதிரி தெரியுதும்மா. சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வரும். வெறி இல்ல, பயப்படாதீங்க" என்றாள் அந்த டாக்டர் பெண்.

எழுபதுகளில் நம் ஆவடி குவார்ட்டர்ஸில் இதை எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்? உன் வெள்ளைப் பொமரேனியன் சுவரில் போய் முட்டிக்கொண்டது, வலிப்பு வந்து நுரை தள்ளியது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நீ ரிக்‌ஷா கூப்பிடப் போனாய். அந்தப் பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு சபாபதி, "வெறி புடிச்சிகீது, நவுருங்க!" என்று கடப்பாரையால் அடித்தே கொன்றுவிட்டான், படுபாவி. நான் வாசலில் நின்று கத்தினேன், அவ்வளவுதான் செய்தேன். சாகிற நேரத்தில் ஜிம்மியின் பல் அவன் கையைக் கீறிவிட்டது. அதற்காக அவனுக்குத் தினம் ஒன்றாகத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.

நீ அழவில்லை. ஜிம்மியைத் துணியில் சுற்றி, பஸ் ஏறிப் பட்டணம் போய், பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாய். அவன் நாலாவது ஊசி போட்டுக்கொண்ட அன்று முடிவு வந்தது. மூளையில் அழற்சி, வெறிநோய் இல்லை என்று எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாய்.

"அவங்கிட்ட சொல்லிடலாமாடி?" என்றேன்.

"எத்தினி பாக்கி கீது?"

"பத்து."

"போட்டுக்கட்டும்."

தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவான். "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கி எத்தினியாவது?" என்று நீ மரியாதையாக விசாரிப்பாய். உள்ளே வந்து நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது.

நீதான் கடைசியில் மாறிப்போனாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்டி. நீ போயி அந்தாளுகிட்ட உண்மைய சொல்லி, எனக்காவ மன்னிப்பு கேட்டுடு" என்றாய். சரியென்று தலையாட்டினேன். நீ கண்ணை மூடி ஆறு வருஷமாகியும் போகவில்லை.

இன்று டாக்டரிடமிருந்து நேராக மாங்காடு போனேன். தன் மகன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் சபாபதிக் கிழவன். என்னைப் பார்த்ததும் பேரனைக் கூப்பிட்டு, "இந்தம்மாவையே கேளு! வெறி நாயி வந்தப்ப காலனியே நடுங்கினு இருந்துச்சி. நாந்தான் ஒரே போடு!" என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

"அதுக்கு வெறியே இல்ல. மூளையில வீக்கம், வெறும் சீக்கு" என்றேன். "உங்க நாலாவது ஊசி அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்."

பேரன் அவன் முகத்தைப் பார்த்தான். கிழவன் சட்டையைக் கீழே இறக்கினான்.

நீ சொன்னதில் பாதியைச் செய்துவிட்டேன். மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, அது என்னோடேயே வரட்டும்.